பாறைக்குத் திருத்திய எண்

சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குள் நுழையும் பேருந்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதனைச் சாவடியில் எல்லாரும் மூட்டை முடிச்சுடன் இறங்கி, கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். வண்டி யாருக்காகவும் நிற்காது. இது தெரியாமல் நான் இறங்கினேன். தெரிந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. என் பையிலிருந்த கனத்த உலோக உருளையைச் சுங்க அதிகாரி மேசைமேல் வைத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மலாயில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற தொழிற்சாலைச் சீருடைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“ஐயா, இது என்னா சாமான்னு கேக்குறாரு.”

“நில அதிர்ச்சிய அளக்கற கருவிம்மா. என் நண்பர் புது வீடு கட்டியிருக்கார். அவருக்குப் பரிசு.”

அவள் ஒரு கணம் என்னையே பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள். அதிகாரி சிரித்தபடி நீளமாகப் பதில் சொன்னார்.

“உள்ள எஸ்டேட்டு பக்கம் கொஞ்ச நாளைக்கு முன்ன லேசா ஆடுச்சில்ல, அன்னிக்கு இவரு மாமியாரு கையில சட்டியோட வெளிய ஓடியாந்துட்டாங்களாம். அப்ப நீங்க எங்க போனீங்கன்னு கேக்குறாரு.” பிறகு தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தாள். “ஏங்கய்யா, வீடு குடிபோக குடம் வாங்கிக் குடுப்பாங்க, குத்துவிளக்கு குடுப்பாங்க. நீங்க பூகம்பத்த தூக்கிட்டு வந்திருக்கீங்களே?”

வெளியே வந்தபோது என் பேருந்து போய்விட்டிருந்தது. அந்தப் பெண் இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவள். கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும் அடுத்த வண்டி வரும்வரை என்னோடு நின்றாள். கைப்பையிலிருந்து கறிப்பாப் என்னும் பொரித்த பலகாரம் ஒன்றை எடுத்து, பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். உருளைக்கிழங்கு மசாலா ஆறிப்போயிருந்தாலும் காரம் குறையவில்லை. சென்னையில் ஒரு பெண் இப்படி ஒரு கிழவனுக்காக நின்றிருப்பாளா என்று யோசித்தேன். நின்றிருப்பாள். நான்தான் கவனித்திருக்க மாட்டேன்.

நான் நில அதிர்ச்சியியலில் முனைவர் பட்டம் பெற்றவன். நிலநடுக்கம் எப்போது வரும் என்று சொல்வது என் தொழில் அல்ல. அதை யாராலும் சொல்ல முடியாது. வந்தால் எந்த இடத்தில் தரை எவ்வளவு ஆடும் என்று கணிப்பதுதான் என் வேலையாக இருந்தது. பெக்கான் நானாஸில் வசிக்கும் மாணிக்கம், ஓர் எரிமலைத் தீவில் என்னோடு வேலை செய்தவன். அங்கே நடந்த விபத்தில் ஒரு காலை இழந்தவன். அன்று அவன் உயிரைக் காப்பாற்றியவன் நான் என்று இன்றுவரை நம்புகிறவன். புது வீட்டில் முதல் அடி நான்தான் எடுத்து வைக்க வேண்டும் என்று தொலைபேசியில் பிடிவாதம் பிடித்தான். அந்த நம்பிக்கையைக் கலைக்கத்தான் நான் கிளம்பி வந்தேன். பரிசு ஒரு சாக்கு.

அன்று ஜொகூர் பாருவில் தங்கினேன். மறுநாள் காலை விடுதிக்கு எதிரே இருந்த உணவுக்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டேன். நம் பரோட்டாவின் தம்பி என்று சொல்லலாம். ஆனால் இவன் மெலிந்தவன், மொறுமொறுப்பானவன், பருப்புக் குழம்பில் நனைய மறுப்பவன். கடை முதலாளியின் பூர்வீகம் இராமநாதபுரம் கடற்கரை. என் பேச்சைக் கேட்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். நான் இன்ன தொழில் செய்தவன் என்று சொன்னவுடன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நல்லதா போச்சு. என் மவன் கொண்டோவுல மேல மாடில இருக்கான். அன்னிக்கு சுமத்ராவுல ஆடுனப்ப அவன் வீட்டு விளக்கெல்லாம் ஊஞ்சல் மாதிரி ஆடுதுங்குறான். நான் கீழ கடையில தே தாரே டீ ஆத்திக்கிட்டிருக்கேன், ஒரு சொட்டு சிந்தல. அவன் பொய் சொல்றானா, நான் செத்துட்டேனா?”

“ரெண்டு பேர் சொல்றதும் சரி, பாய்,” என்றேன். தூரத்து நிலநடுக்கத்தின் வேகமான ஆட்டங்கள் வரும் வழியிலேயே செத்துப்போகும். மெதுவான, நீண்ட ஆட்டங்கள் மட்டும் கடலடியைக் கடந்து வந்து சேரும். உயரமான கட்டடமும் மெதுவாகவே ஆடும் இயல்புடையது. இரண்டின் தாளமும் ஒத்துப்போனால் மேல்மாடி ஊஞ்சலாகும். கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது.

“அலமாக்! அப்ப பயகிட்ட மன்னிப்பு கேக்கணும். குடிச்சிருக்கியாடான்னு கேட்டுட்டேன் லா.”

காசு வாங்க மறுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்பது அவருக்கு எவ்வளவு எளிதாக வருகிறது என்று பொறாமையாக இருந்தது.

பெக்கான் நானாஸுக்கு வாடகைக் காரில் போனேன். ஊர்ப் பெயருக்கே அன்னாசி ஊர் என்றுதான் பொருள். பெரிய சாலையை விட்டுத் தோட்டப் பாதையில் திரும்பியதும் காரின் பின்சக்கரம் கறுப்பு மண்ணில் புதைந்தது. ஓட்டுநர், மலாய் இளைஞர், இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். நானும் இறங்கினேன். தரை என் காலடியில் மெத்தைபோல் அமுங்கியது. இந்த மண்ணை இங்கே ‘கம்புட்’ என்கிறார்கள். சதுப்புக் காட்டு மரங்களும் வேர்களும் காலகாலமாக மட்கிச் சேர்ந்த மண். அன்னாசிக்கு அது பிடிக்கும். வீட்டுக்குப் பிடிக்காது.

இருபுறமும் முட்களை நீட்டிக்கொண்டு அன்னாசி வரிசைகள். அவற்றுக்கு நடுவே பலகைகள் பாவியிருந்தன. அந்தப் பலகைமேல் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தான் மாணிக்கம். வெறும் மண்ணில் மிதித்தால் செயற்கைக் கால் இறங்கிவிடும். அவன் கயிற்றை எறிந்தான். ஓட்டுநரும் நானும் தள்ளினோம். கார் வெளியே வந்தது. என் வேட்டி மட்டும் கறுப்பாகியது.

“வா டாக்டரே! வந்ததும் வராததுமா மண்ண சோதனை பண்ணிட்டியா?” என்று கட்டிக்கொண்டான்.

பழைய வீட்டின் வாசற்படி தரையைத் தொடவில்லை. அந்தரத்தில் தொங்கியது. அதன் கீழே இன்னொரு படி, அதன் கீழே புதிதாக மற்றொன்று. வீடு ஆழமான கம்பங்களின் மேல் நிற்கிறது. வடிகால் வெட்டிய நிலம் காய்ந்து காய்ந்து இறங்கிக்கொண்டே போகிறது.

“சில வருஷத்துக்கு ஒருக்கா ஒரு படி கட்டுவோம். நாங்க இருந்த எடத்துலயே இருந்து சொர்க்கத்துக்கு ஏறிக்கிட்டிருக்கோம்,” என்றான்.

அவன் மனைவி லெட்சுமி நெத்திலிக் கருவாடு போட்டு அன்னாசிப் பச்சடி செய்திருந்தாள். பழத்தோடு கருவாடா என்று தயங்கினேன். ஒரு வாய் உண்டபின் தயக்கம் போய்விட்டது. இனிப்பும் உப்பும் காரமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. மறுசோறு கேட்டேன்.

“சாப்புடுங்க அண்ணே,” என்றாள். “வருஷா வருஷம் கோயில்ல உங்க பேருக்குத்தான் மொத அர்ச்சனை. சதாசிவம், உத்திரட்டாதி. ஐயருக்கே மனப்பாடம். நீங்க இல்லன்னா இவரு இல்ல.”

மறுசோற்றை அவசரமாக முடித்து எழுந்தேன்.

சாப்பிட்டதும் சற்றுத் தள்ளியிருந்த புது வீட்டைப் பார்க்கப் போனோம். மாடியில்லாத சிறிய, அழகான வீடு. சமையலறைக் கூரையை ஒட்டி, உயரமான இரும்புச் சட்டத்தின் மேல் பெரிய தண்ணீர்த் தொட்டி. லெட்சுமி கேட்டுக்கொண்டதால் வைத்தது, குழாயில் தண்ணீர் சீறி வர வேண்டுமாம். வர்ணம் காயாத வெளிச்சுவரைத் தட்டிக்காட்டி மாணிக்கம் கேட்டான்:

“தாங்குமா லா? சுமத்ரா பக்கம் பெருசா ஒண்ணு வந்தா? நீதான சொல்லணும்.”

“ஒண்ணும் ஆகாது. இந்தப் பகுதிக்கு வரைபடத்துல இருக்கற எண் ரொம்பச் சின்னது,” என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. அன்னாசி ஏற்றிய லாரி ஒன்று பாதையில் போனது. சன்னல் கண்ணாடிகள் படபடத்தன. சன்னலோரத்தில் வேலையாட்கள் வைத்திருந்த குவளைத் தண்ணீரில் வளையங்கள் எழுந்தன. என் கால்களின் வழியே அந்த நடுக்கம் ஏறியது.

வரைபடத்தில் இருக்கும் எண் கடினமான பாறைக்கு உரியது. பாறையின் மேல் தரை எவ்வளவு ஆடும் என்று முதலில் கணித்துக்கொண்டு, பிறகு அந்தந்த இடத்து மண்ணுக்கு ஏற்ப அதைப் பெருக்க வேண்டும். இது முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். மெத்தைபோன்ற மண்ணில் நின்றுகொண்டு, நண்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் பாறையின் எண்ணைச் சொன்னேன். இரண்டாவது முறையாக.

“மாணிக்கம், உக்காரு,” என்று வாசலில் பாவியிருந்த பலகையைக் காட்டினேன்.

அந்தத் தீவில் பூமிக்கடியில் கொதிக்கும் பாறைக்குள் தண்ணீரை அழுத்தி இறக்கி, நீராவியாக்கி, மின்சாரம் எடுக்கும் திட்டம் நடந்தது. அழுத்தம் ஏறும்போது ஆழத்திலுள்ள பழைய விரிசல்கள் வழுக்கும். அதனால் சிறுசிறு நடுக்கங்கள் வரும். அதற்கென்று ஒரு விதி வைத்திருந்தோம். தரை ஆடும் அளவு குறைவாக இருந்தால் பச்சை, வேலை நடக்கலாம். கூடினால் மஞ்சள், அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மேலும் கூடினால் சிவப்பு, அடியோடு நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நடுக்கத்துக்குப் பிறகும் நிறத்தைச் சொல்வது என் வேலை. கருவிகளை நட்டுப் பராமரிப்பது மாணிக்கத்தின் வேலை. அவன் நட்டால் கருவி பொய் சொல்லாது என்று நாங்கள் எல்லாருமே சொல்வோம்.

ஒரு நாள் பள்ளத்தாக்குக் கிராமத்தில் அவன் நட்டிருந்த கருவி சிவப்பைக் காட்டியது. மற்றக் கருவிகள் பாறையின் மேல் இருந்தன. அவை மஞ்சளோடு நின்றன. அந்தக் கிராமம் பழைய ஏரிச் சேற்றின் மேல் இருந்தது. சேறு ஆட்டத்தைப் பெருக்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆய்வுக் கட்டுரை எழுதும்போது செய்வதுபோல், அந்தப் பெருக்கத்தைக் கழித்து, எண்ணைப் பாறைக்குத் திருத்தினேன். மஞ்சள் வந்தது. மஞ்சள் என்றே சொன்னேன். விதியில் பாறையா மண்ணா என்று எழுதியிருக்கவில்லை. மறுநாள் திட்டத்தைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. வேலையை நிறுத்தியவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று நானே நினைத்தேன். கேட்டவர்களிடம், கிராமத்துக் கருவியில் ஏதோ கோளாறு என்றேன். அதை நம்பவைக்க, போய்ப் பார்த்துவிட்டு வா என்று மாணிக்கத்தை அனுப்பினேன்.

அவன் அங்கே நின்றிருந்தபோது அடுத்த நடுக்கம் வந்தது. முந்தியதைவிடப் பெரியது. அங்கிருந்த ஒரு கடையின் சுவர் அவன் காலின்மேல் விழுந்தது. பிளந்த சாலையில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய் அவனை மருத்துவமனையில் சேர்த்தது நான்தான். அது உண்மை. அந்த ஓர் உண்மையைப் போர்த்திக்கொண்டு இத்தனை ஆண்டு இருந்துவிட்டேன். இதையெல்லாம் அந்தப் பலகையில் உட்கார்ந்து அவனிடம் சொன்னேன். பாறையில் யாரும் வீடு கட்டியிருக்கவில்லை மாணிக்கம், எல்லாரும் சேற்றில்தான் இருந்தார்கள், எனக்குத் தெரியும் என்றேன்.

அவன் காலைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன்.

“அப்ப அந்த மெஷின் நல்லா இருந்துச்சா?” என்றான்.

“நல்லாத்தான் இருந்தது.”

“நான் வச்சது சரியா?”

“சரி. அது ஒண்ணுதான் சரியா சொன்னது.”

அவன் முகம் மாறியது. அத்தகைய கோபத்தை அவனிடம் நான் பார்த்ததில்லை.

“கால் போச்சு, சரி, விடு. மலையில வேல செஞ்சா கால் போகும், கை போகும். சுவரு விழறதுக்கு முன்னால அந்த மெஷின தொறந்து பாத்தேன். ஒரு கொறையும் தெரியல. ஆனா கோளாறுன்னு நீ சொல்லிட்ட. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு யோசிச்சேன். தப்பா வச்சதும் நான், பாத்தும் கண்டுபுடிக்கத் தெரியாதவனும் நான். கை கெட்டுப்போச்சுடா மாணிக்கம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதனாலதான் அந்த வேலைய விட்டேன். காலுக்காக இல்ல. ஒத்தக் கால வச்சுக்கிட்டு அன்னாசி நடுறவன், மெஷின் நட மாட்டேனா?”

எழுந்து பலகைகளின் மேல் நடந்து போய்விட்டான். நான் ஒரு காலுக்காக வருந்திக்கொண்டிருந்தேன். அவனிடமிருந்து எடுத்தது அது மட்டுமல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது.

லெட்சுமிக்குச் செய்தி போய்விட்டது. மாலைச் சாப்பாட்டின்போது என் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினாள். ஆனால் தட்டில் மீனின் நடுத்துண்டுதான் விழுந்தது. அந்த ஒரு துண்டுக்கு அவளிடம் நான் பட்ட கடன் அளவுக்கு வேறெதற்கும் பட்டதில்லை.

காலையில் பையைக் கட்டி வாசலில் வைத்தேன்.

“நான் கிளம்பறேன் மாணிக்கம். நாளைக்கு விசேஷத்துல நான் இருக்கறது நல்லா இருக்காது.”

அவன் கையில் நான் கொண்டுவந்த உருளை இருந்தது. வந்தவுடன் நான் கொடுத்திருந்த பரிசுப் பொட்டலத்தை இரவே பிரித்திருக்கிறான்.

“கெளம்புறதா? கேட்டதுக்கு இன்னும் பதிலு சொல்லல. இந்த மண்ணுக்கு என்னா எண்ணு? பாறைக்கு வேணாம். அத நீ வச்சுக்க.”

அவன் வேலை செய்வதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தேன். புது வீட்டுக்குப் பின்னால் மேல்மண்ணை வழித்தெடுத்தான். ஒரு சிமெண்டுப் பலகையைப் பதித்து, தட்டித் தட்டி மட்டம் பார்த்தான். கருவியை வைத்து மூன்று திருகுகளையும் விரல்நுனியால் திருப்பினான். கருவியின் மேல் மட்டம் காட்டும் குமிழி நகர்ந்து நகர்ந்து வட்டத்தின் நடுவே வந்து நின்றது. கருவியின் குறி வடக்கைப் பார்க்கிறதா என்று சரிபார்த்தான். காற்றுப் படாமல் ஒரு வாளியைக் கவிழ்த்தான். கொஞ்சமும் தடுமாறவில்லை அந்தக் கை. அவனும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரும் நடக்காதீங்க! லெட்சுமி, அந்தக் கோழிய புடி!”

“கோழி நடந்தா கூடவா பூகம்பம்?”

“உனக்கு இல்ல. மெஷினுக்கு.”

பூமி எந்நேரமும் மிக மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கிறது. கடலலை, காற்று, லாரி எல்லாமே அதற்குக் காரணம். அந்த மெல்லிய நடுக்கத்தில், பக்கவாட்டு ஆட்டம் மேல்கீழ் ஆட்டத்தைவிட எங்கே ஓங்குகிறது என்று பார்த்தால், அந்த இடத்து மண் எந்தத் தாளத்தில் ஆட விரும்புகிறது என்று தெரியும். என் மடிக்கணினியின் வரைகோட்டில் ஒரே ஒரு கூர்முனை எழுந்தது. மெதுவான தாளம். எனக்கு உடனே தொட்டியின் நினைவு வந்தது.

“மாணிக்கம், அந்தத் தொட்டிச் சட்டத்த ஒரு தள்ளு தள்ளிவிடு.”

தள்ளினான். நிறைந்த தொட்டி சோம்பலாக அசைந்து திரும்பியது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாய்க்குள் எண்ணினோம். எண்ணி முடித்து ஒருவரையொருவர் பார்த்தோம். மண்ணின் தாளமும் தொட்டியின் தாளமும் ஏறக்குறைய ஒன்று. உணவுக்கடை முதலாளியின் மகன் வீட்டு விளக்குகளைப்போலவே, தூரத்திலிருந்து வரும் மெதுவான ஆட்டத்தை மண் பெருக்கும், மண்ணின் ஆட்டத்தை இந்தத் தொட்டி இன்னும் பெருக்கும். அது சாய்ந்தால் சமையலறை அடுப்பின் மேல்தான் விழும்.

“வீடு தாங்கும்,” என்றேன். “இது மண்ணுக்குச் சொல்ற பதில்தான். தாழ்வான வீடு, கம்பம் ஆழமா போயிருக்கு. தொட்டி தாங்காது. நம்ம பாக்கற காலத்துல வருமோ வராதோ தெரியாது. ஆனா எனக்குத் தெரிஞ்சு அது அங்க நிக்கக் கூடாது. இறக்கிடு.”

லெட்சுமி இடுப்பில் கோழியோடு வந்து நின்றாள்.

“நாளைக்கு ஊரே சாப்புட வருது. இன்னிக்கு வந்து தொட்டிய எறக்குன்னா? நேத்து பாத்தப்பவே சொல்லக் கூடாதா அண்ணே? எதையுமே மொத நாளு சொல்ல மாட்டீங்களா?”

மாணிக்கம் முதலில் சிரித்தான். அடக்கப் பார்த்து, முடியாமல், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, வேறு ஏதோ வந்தது.

பகல் முழுவதும் அந்த வேலைதான். குழாய் வழியே தண்ணீரை அன்னாசி வரிசைகளுக்குத் திறந்துவிட்டோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கயிறு கட்டித் தொட்டியை இறக்கினார்கள். தரையில் வைத்து, மோட்டார் பொருத்தினார்கள். குழாயில் தண்ணீர் முன்னைவிட வேகமாகச் சீறியது. லெட்சுமி அதை ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் விடியலில் புதுமனை புகுவிழா. முதல் அடி நான் வைக்கவில்லை, என்னை யாரும் கேட்கவும் இல்லை. மாணிக்கம் கருவியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு, செயற்கைக் காலைத் தூக்கி வாசற்படியைத் தாண்டினான். பின்னால் லெட்சுமி நிறைகுடத்தோடு போனாள். நான் கடைசியாகப் போனேன். அடுப்பில் பால் சூடேறத் தொடங்கியபோது பாதையில் ஒரு லாரி போனது. பாலின் மேல் வளையம் எழுந்தது. “பாலு எளஞ்சூட்டுலயே ஆடுது, எழுதிக்க டாக்டரே,” என்றான் மாணிக்கம் கூட்டத்துக்குள்ளிருந்து. அந்தக் குரலைக் கேட்டதும் நான் நிமிர்ந்து நின்றேன்.

ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். லெட்சுமி கணவன் பெயரைச் சொன்னாள், தன் பெயரைச் சொன்னாள். என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“சதாசிவம், உத்திரட்டாதி,” என்றாள்.

தட்டோடு என்னைக் கடந்து போகும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள்.

“இத்தன வருஷம் உங்களுக்கு நன்றி சொல்லி அர்ச்சன பண்ணேன் அண்ணே. இனிமே உங்களுக்காக சாமிகிட்ட மன்னிப்பு கேட்டு பண்ணுவேன். ஐயருக்கு ரெண்டும் ஒரே தட்டுதான்.”

திருநீற்றை நீட்டினாள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.